எலும்பு படிக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து இருபது வயதுப் பிள்ளை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டாம் முறையும் எடுத்தேன். ஒரு பி, இரண்டு சி. மருத்துவ பீடத்துக்குப் போதாது. கொக்குத்தொடுவாயில் மனிதப் புதைகுழியைத் தோண்டியபோது வீதியோரம் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து இந்த வேலையைத்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மாவின் தம்பி, என் மாமா, 2009இலிருந்து இல்லை. லண்டனில் இருக்கும் சித்தப்பா காசு கட்டத் தயார். ஒரு நிறுவனம் ஆறு மாதத்தில் தடயவியல் டிப்ளோமா தருவதாகச் சொல்கிறது. டாக்டர் ஆகாமல் இந்த வேலை செய்ய முடியுமா? இலங்கையில் வேலை இருக்கிறதா? மாமாவைத் தேடுகிற ஒருத்தி இதற்குப் போகலாமா? 'வீட்டில் இருக்கிற துக்கம் காணாதோ, எலும்பும் தூக்கப் போறியோ' என்று அம்மா அழுகிறார்."

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் அந்த டிப்ளோமா. அதற்குத்தான் அவசரம். காசு கட்ட வேண்டாம். எலும்பைப் பார்த்து ஒரு கருத்துச் சொன்னால் அதை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்ல வேண்டிவரும். கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வி, எங்கே படித்தீர்கள், எவ்வளவு காலம், எத்தனை உடல்களைப் பார்த்தீர்கள் என்பதுதான். ஆறு மாதப் பத்திரம் அந்தக் கேள்விக்கு முன் நிற்காது. சித்தப்பாவின் காசு பிறகு ஒரு நல்ல விஷயத்துக்குத் தேவைப்படும். அதற்குக் கீழே வருகிறேன்.

டாக்டர் ஆகாமல் செய்ய முடியுமா? முடியும். ஆனால் எந்தப் பகுதியைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று விளங்க, வேலை என்னவென்று முதலில் விளங்க வேண்டும்.

நீங்கள் வீதியோரம் நின்று பார்த்தது இந்தத் துறையின் பெரிய நாள். சாதாரண நாட்கள் வேறு மாதிரி. காட்டுக்குள் தேன் எடுக்கப் போனவர், விறகு வெட்டப் போனவர், காணி துப்புரவாக்கியவர், மிதிவெடி அகற்றுகிற பிள்ளைகள் என்று யாரோ ஒருவர் எலும்பொன்றைக் காண்கிறார். பொலிஸ் வருகிறது, நீதவானுக்கு அறிவிக்கப்படுகிறது, எலும்பு சட்ட வைத்திய அதிகாரியின் மேசைக்கு வருகிறது. அங்கே எழும் முதல் கேள்வி: இது மனிதருடையதா? வன்னியில் அது லேசான கேள்வி இல்லை. மாடு, மரை, மான், பன்றி, குரங்கு எல்லாம் செத்து எலும்பாகும் காடு இது. தோலும் நகமும் கழன்ற கரடிக் கையைப் பார்த்தால் பழகாதவர்கள் மனிதக் கை என்றுதான் நினைப்பார்கள். உலகமெங்கும் எலும்பு படிப்பவர்களுக்குக் கற்பிக்கப்படும் உதாரணம் அது. நம் காட்டில் கரடியும் இருக்கிறது. சிறு பிள்ளையின் எலும்பை ஆட்டுக்குட்டியினுடையது என்று ஒதுக்கிவிடுகிற ஆபத்து இதற்கு எதிர்ப்பக்கம். ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து மாட்டு எலும்பைப் பிரித்தெடுப்பதில் உங்களுக்குப் பொறுமை இருக்குமா என்று யோசியுங்கள். இந்த வேலைக்குப் பொருந்துவீர்களா என்பதற்கு, புதைகுழியைப் பார்த்துக் கண் கலங்கியதைவிட அதுதான் நல்ல பரீட்சை.

மனித எலும்பு என்று தெரிந்த பிறகுதான் உங்கள் மனதில் இருக்கும் வேலை தொடங்குகிறது. ஆணா, பெண்ணா, என்ன வயது, எவ்வளவு உயரம். வளர்ந்தவருடைய முழு இடுப்பெலும்பு கிடைத்தால் ஆண், பெண் என்பதை 100க்கு 95 அளவில் சரியாகச் சொல்லலாம், ஏனென்றால் பிள்ளை பெறுவதற்காகப் பெண்ணின் இடுப்பு வேறு விதமாக அமைந்திருக்கிறது. மண்டையோடு மட்டும் கிடைத்தால் அவ்வளவு உறுதி இல்லை. பூப்பெய்தும் வயதுக்கு முந்திய பிள்ளையென்றால் எலும்பை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று நம்பிச் சொல்ல முடியாது. ஆனால் வயது விஷயத்தில் பிள்ளைகளின் எலும்புதான் கூடுதலாகப் பேசும். நிரந்தரக் கடைவாய்ப்பல்லில் முதலாவது ஆறு வயதளவில் வரும், இரண்டாவது பன்னிரண்டளவில். கை கால் எலும்புகளின் நுனிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வயதில் நடுத்தண்டோடு ஒட்டும். கடைசியாக ஒட்டுவது கழுத்தடியில் உள்ள காறை எலும்பின் உள்நுனி. அது இருபதுகளில்தான் முடியும். அதனால்தான் 'பதினெட்டா, இருபத்தைந்தா' என்ற கேள்விக்குக் காறை எலும்பை முதலில் தேடுவோம். முப்பது தாண்டினால் தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அப்போது சொல்லும் வயதின் இடைவெளி பத்து, பதினைந்து வருடமாக விரியும்.

உயரத்தைத் தொடை எலும்பின் நீளத்திலிருந்து கணக்கிடுவோம். உலகில் அதிகம் பயன்பட்ட சமன்பாடுகள் 1952இல் அமெரிக்காவில், இரண்டாம் உலகப் போரில் இறந்த சிப்பாய்களின் அளவுகளையும் வைத்து உருவாக்கியவை. நம் ஆட்களின் கால்நீளமும் உடல்நீளமும் அதே விகிதத்தில் இருக்க வேண்டியதில்லை. தெற்காசிய மக்களை அளந்து எடுத்த சமன்பாடுகள் தேவை. சீ.டி. ஸ்கேன் படங்களிலிருந்தும் அளக்கலாம், அதற்குச் செத்தவர்கள் வேண்டும் என்றில்லை. இளம் ஆய்வாளர் ஒருவர் வட மாகாணத்தில் இருந்தபடியே செய்யக்கூடிய, ஆண்டுக்கணக்கில் பயன்படக்கூடிய வேலை இது. இப்போதே மனதில் போட்டு வையுங்கள்.

அடுத்தது காயம். எலும்பு உயிரோடு இருந்தபோது முறிந்து ஆறியதா, சாகிற தறுவாயில் முறிந்ததா, புதைத்த பிறகு மண் பாரத்திலோ பெக்கோ இயந்திரத்தின் வாளியிலோ உடைந்ததா? பச்சை மட்டையை முறித்தால் நார் நாராகச் சரிந்து பிளக்கும், காய்ந்த மட்டை படக்கென்று நேராக ஒடியும் அல்லவா? எலும்பும் அப்படித்தான். ஈரம் இருக்கும்போது முறிந்த விளிம்பு சரிவாக, கூராக, எலும்பின் வெளி நிறத்திலேயே இருக்கும். வருடக்கணக்கில் காய்ந்த பின் உடைந்தால் விளிம்பு சொரசொரப்பாகவும் வெளிறியும் தெரியும். மண்டையில் துப்பாக்கிச் சன்னம் புகுந்த துளை உள்பக்கமாக விரியும், வெளியேறிய துளை வெளிப்பக்கமாக விரியும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அதை வைத்துச் சொல்லலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது, எலும்பு சொல்லாத விஷயங்களை. எப்படி இறந்தார் என்பதை எலும்பு பல தடவை சொல்லாது. வயிற்றில் பட்ட காயம், இரத்தம் போனது, மூச்சுத் திணறியது, பசி, காய்ச்சல் எதுவும் எலும்பில் தழும்பு விடாமலே போகலாம். யார் செய்தது என்பதை அது ஒருபோதும் சொல்லாது. நம் மக்கள் புதைகுழி ஓரத்தில் நின்று கேட்கும் கேள்விகளில் மிகப் பெரியவை இவை இரண்டும்தான். அந்த இடத்தில் ஒரு நிபுணருக்கு வரும் அழுத்தம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு பக்கம் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார்கள், மறுபக்கம் ஒன்றும் சொல்லாதே என்பார்கள். எலும்பு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. நம் பக்கத்து உண்மைக்காக என்று நினைத்து ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும், நீதிமன்றத்தில் அது பிடிபடும் நாளில் மற்ற எல்லா உண்மையும் அதோடு சேர்ந்து விழும். வன்னிப் பிள்ளையான உங்களுக்கு இது மற்றவர்களைவிடக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

மன்னாரில் நடந்ததைப் பாருங்கள். 2018இல் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளாகத்தில் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட குழியிலிருந்து 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் எடுக்கப்பட்டன. பிள்ளைகளும் இருந்தார்கள். சில மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், 2019 மார்ச்சில், எலும்பின் காலத்தைக் கணிக்கும் கதிரியக்கக் கார்பன் பரிசோதனையின் முடிவு வந்தது: 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலம். குழிக்குள் இருந்த சில பொருட்களோடு அது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி எழுந்தது, குடும்பங்கள் கொதித்துப் போயின. இங்கே விளங்க வேண்டியது, கார்பன் முடிவு சாட்சிகளில் ஒன்று மட்டும்தான். எந்த எலும்பிலிருந்து மாதிரி எடுத்தது, அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, பக்கத்தில் கிடந்த பொருள் அதே அடுக்கைச் சேர்ந்ததா அல்லது மேலிருந்து பிறகு விழுந்ததா, ஒரே இடத்தில் வெவ்வேறு காலத்துப் புதைப்புகள் இருக்கின்றனவா என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தீர்ப்பு. 1950களின் நடுவிலிருந்து வானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அதன் பிறகு வாழ்ந்தவர்களின் எலும்பிலும், அதன் பிறகு உருவான பல்லிலும் அந்த அடையாளம் இருக்கும். ஆகவே 'பழங்கால எலும்பா, நம் காலத்து எலும்பா' என்ற கேள்விக்கு ஆய்வுகூடம் நல்ல பதில் தரும். 1990களா 2009ஆ என்று பிரிப்பதற்குப் பெரும்பாலும் பொருட்கள்தான் கைகொடுக்கும். ஒரு பொருள் உற்பத்தியான வருடத்துக்கு முன் அந்தக் குழி மூடப்பட்டிருக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு. நீங்கள் பார்த்த கொக்குத்தொடுவாய்க் குழிக்கு, தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் இடைக்கால அறிக்கை 1994க்கும் 1996க்கும் இடைப்பட்ட காலத்தைக் குறித்தது. 2023 ஜூன் கடைசியில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டியபோது வெளிப்பட்ட அந்தக் குழியிலிருந்து, 2024 ஜூலையில் அகழ்வு முடியும்போது 52 பேரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன.

பேப்பரில் வரும் இந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலும்புகள் கலந்து கிடக்கும்போது மண்டையோடுகளை மட்டும் எண்ணி ஆட்களை எண்ணுவதில்லை. ஒரே பக்கத்து ஒரே எலும்பை, உதாரணமாக வலப்பக்கத் தொடை எலும்புகளை, எண்ணுகிறோம். பத்து வலத் தொடை எலும்பு இருந்தால் குறைந்தது பத்துப் பேர். அதனால்தான் 'குறைந்தது' என்ற சொல் அறிக்கைகளில் எப்போதும் இருக்கும்.

தோண்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு வழி திறப்பது அங்கேதான். அகழ்வு என்பது முழுக்க முழுக்கத் தொல்லியல் வேலை. குழியின் விளிம்பை மண்ணின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது, அங்குலம் அங்குலமாக இறங்குவது, ஒவ்வொரு எலும்பும் கிடந்த நிலையை வரைந்து, படமெடுத்து, அளந்த பிறகே தூக்குவது. உடல் அடக்கம் செய்யப்பட்டதா, வீசப்பட்டதா, கைகள் எங்கே இருந்தன, ஒருவர் மேல் ஒருவர் விழுந்தது எந்த ஒழுங்கில் என்பதெல்லாம் அந்தக் கிடையில்தான் இருக்கிறது. ஒருமுறை தூக்கினால் திரும்ப வைத்துப் பார்க்க முடியாது. வளர்ந்த மனிதருக்கு 206 எலும்பு, அதில் 106 கைகளிலும் பாதங்களிலும் மட்டும். பாதிக்கு மேல்! சுண்டுவிரல் நுனி எலும்பையும் பிள்ளையின் பல் முளையையும் மண்வெட்டியால் எடுக்க முடியாது; வெட்டிய மண் முழுவதையும் சல்லடையில் அரிக்க வேண்டும். அதனால்தான் உங்களுக்கு அவர்கள் அவ்வளவு மெதுவாக வேலை செய்வதாகத் தெரிந்தது. ஐப்பசி பிறந்து மாரி இறங்கினால் அந்த மெதுவான வேலையும் நின்றுவிடும்.

இலங்கையில் சட்டப்படி அகழ்வுக்கு உத்தரவிடுபவர் நீதவான். எலும்புகளுக்குப் பொறுப்பு சட்ட வைத்திய அதிகாரி, அதாவது தடயவியல் மருத்துவம் படித்த வைத்தியர். மரணம் பற்றிய கருத்தை எழுதிக் கையொப்பமிடுவது அவர்தான். குழியைத் தொல்லியலாளர் பார்க்கிறார். காணாமல் போனோர் அலுவலகம், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, நீதிமன்றத்தின் அனுமதியோடு அவதானிப்பாளராக நிற்கலாம். தடயவியல் மானுடவியலாளர், அதாவது எலும்பைப் பார்த்துக் கருத்துச் சொல்பவர், என்ற பெயரில் அரச சேவையில் பதவி தேடிக்கொண்டிருந்தால் காத்திருந்தே காலம் போய்விடும். வெளிநாடுகளிலும் இதை மட்டும் செய்து சம்பளம் எடுப்பவர்கள் குறைவு. அனேகமானோர் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டு, கூப்பிடும்போது போகிறார்கள். ஆகவே ஒரு முழுத் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் மேல் இதை ஏற்ற வேண்டும். இதுதான் நான் உங்களுக்குச் சொல்லும் வழி.

அந்தத் தொழில் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மருத்துவம் என்றால் ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பிறகு கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் தடயவியல் மருத்துவம். நிபுணராக வெளியே வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். நீண்ட வழி, ஆனால் இலங்கையில் கையொப்பமிடும் அதிகாரம் அதற்குத்தான். தொல்லியல் என்றால் யாழ்ப்பாணம், பேராதனை, களனிப் பல்கலைக்கழகங்களில் படிக்கலாம். ஆய்வுகூடம் என்றால் யாழ்ப்பாணத்தில் விலங்கியலோ, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமோ படித்து, மரபணுப் பக்கம் போகலாம். மூன்றாம் முறை உயர்தரம் எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எடுங்கள், ஆனால் மருத்துவத்தை மட்டும் குறிவைத்து விண்ணப்பப் படிவத்தை நிரப்பாதீர்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நம் பகுதிக்கு இப்போது தேவைப்படுவது எலும்பும் மண்ணும் இரண்டும் தெரிந்த தொல்லியலாளர்கள். மருத்துவர்கள் எப்படியோ வந்துகொண்டிருக்கிறார்கள். தமிழில் குடும்பங்களோடு பேசக்கூடிய, எலும்பு படித்த தொல்லியலாளரை விரல் விட்டு எண்ணலாம்.

சித்தப்பாவின் காசு முதுமாணிக்கு. முதல் பட்டம் முடிந்த பிறகு பிரித்தானியாவில் டண்டி, பிராட்போர்ட், போர்ன்மவுத், லிவர்பூல் ஜோன் மூர்ஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் ஒரு வருட முதுமாணியாக இதைப் படிக்கலாம். பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் சித்தப்பாவுக்கும் மிச்சம். இந்தியா பக்கமென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் மானுடவியல் துறைகள் உண்டு, காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

டாக்டர் பட்டமும் இல்லை, அனுபவமும் இல்லை, இழவு மட்டும் இருக்கிறது என்று நினைக்கும் இளம் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் ஆர்ஜென்டீனாவைச் சொல்வேன். 1976 முதல் 1983 வரை அங்கே இராணுவ ஆட்சி, ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஆட்சி விழுந்ததும் புதைகுழிகளை இயந்திரங்களால் கிளறி எலும்புகளை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். 1984இல் அமெரிக்காவிலிருந்து கிளைட் ஸ்னோ என்ற எலும்பு நிபுணர் போனார். உதவிக்குத் தொழில்சார் ஆட்கள் கிடைக்காதபோது மருத்துவம், மானுடவியல், தொல்லியல் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர் முன்வந்தார்கள். அவர்களுடைய வயதுக்காரர்கள்தான் அந்தக் குழிகளில் கிடந்தார்கள். அழுகை வந்தால் இரவில் அழுங்கள், பகலில் வேலை செய்யுங்கள் என்ற மாதிரித்தான் ஸ்னோ அவர்களைப் பழக்கினார். அந்த மாணவர் குழு பிறகு உலகம் முழுவதும் பல நாடுகளில் அகழ்வு செய்யும் அமைப்பாக வளர்ந்தது. அவர்களில் ஒருவரான மொறிஸ் டிட்பால்-பின்ஸ் 2021இல் சட்டவிரோதக் கொலைகள் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளராக நியமிக்கப்பட்டார். அந்தப் பிள்ளைகளும் படிப்பை விட்டுவிட்டு வரவில்லை, படித்துக்கொண்டே வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனி, புத்தகங்களில் குறைவாகவும் நடைமுறையில் கூடுதலாகவும் இருக்கும் பகுதிக்கு வருகிறேன். எலும்பு தனியாக ஒருவருக்குப் பெயர் தராது. அதை ஒப்பிட, உயிரோடிருந்த அந்த மனிதரைப் பற்றிய தகவல் வேண்டும். வேறு நாடுகளில் பல் வைத்தியரிடம் போய்ப் பழைய எக்ஸ்ரே எடுத்துவிடுவார்கள். வன்னியில் யாரிடம் எக்ஸ்ரே இருக்கிறது? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, குடும்பப் படமே இல்லாத வீடுகள் எத்தனை! தகவல் எல்லாம் அம்மாக்களின் மனதில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். சின்ன வயதில் மரத்தால் விழுந்து கை முறிந்ததா? ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோனீர்கள், முறிவு நெரிவு பார்ப்பவரிடமா? கட்டுப் போட்டு ஆறிய கை கொஞ்சம் கோணலாக இருந்ததா? அந்தக் கோணல் எலும்பில் அப்படியே இருக்கும். சிரிக்கும்போது எந்தப் பல் எத்தியிருந்தது? செல் துண்டு எடுக்காமல் உடம்பிலேயே இருந்ததா, எந்தக் காலில்? காலுக்குள் தகடு வைத்தார்களா? தகட்டில் இலக்கம் இருக்கலாம். கடைசி நாள் என்ன உடுத்திருந்தார், ஒன்றுக்கு மேல் ஒன்றாக உடுத்தியிருந்தாரா, சட்டையை நீங்கள் தைத்ததா, என்ன நூல்? 'சிவப்புச் சட்டையா' என்று கேட்கக் கூடாது. தவித்துப்போன தாய் ஓம் என்றுதான் சொல்வார். 'என்ன உடுத்திருந்தார்' என்று கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் பாதி போய்விடும். 'முறிவு நெரிவு' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்த ஒரு பிள்ளை கேட்டால் அந்தத் தாய் வேறு விதமாகப் பேசுவார். இந்த வேலையில் உங்களுக்கு இருக்கும் பலம் இதுதான். எந்த வெளிநாட்டுப் பட்டமும் இதைத் தராது.

மரபணுவும் அம்மாக்களிடம்தான் வந்து முடிகிறது. வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் எலும்பிலுள்ள மரபணு சிதையும். ஆனால் பல்லிலும், உள்காதைச் சூழ்ந்திருக்கும் மண்டையோட்டின் கடினமான பகுதியிலும், தொடை எலும்பிலும் நல்லபடி மிஞ்ச வாய்ப்புண்டு. ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். இழைமணியின் (மைட்டோகொண்ட்ரியாவின்) மரபணு தாய்வழியாக மட்டுமே வருவது என்று உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். உங்கள் மாமா அம்மாவுடன் கூடப் பிறந்தவர் என்பதால், அவரிடம் இருந்தது அம்மாவிடமும் இருக்கிறது, உங்களிடமும் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் போராட்டம் தொடங்கிய தாய்மார், தகப்பன்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். பெற்றோரின் மாதிரிதான் ஒப்பிட மிகவும் உதவுவது. அவர்கள் போன பிறகு தூரத்து உறவை வைத்துச் செய்வது கஷ்டம். மாதிரிகளை முறைப்படி, குடும்பங்கள் நம்பும் கைகளில் சேகரித்து வைக்க வேண்டும் என்பது என் மனதில் கிடக்கும் பெரிய ஆதங்கம்.

மாமாவைத் தேடுகிறவள் இந்த வேலைக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வரலாம். மாமாவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வரக்கூடாது. அப்படி வந்தால் ஒவ்வொரு தொடை எலும்பையும் அவருடைய உயரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். அது உங்களையும் தின்னும், அறிக்கையையும் கெடுக்கும். மாமா இருக்கக்கூடிய குழி என்று எப்போதாவது ஒன்று வந்தால், அதை நீதிமன்றத்துக்குச் சொல்லி அந்த வழக்கிலிருந்து விலகி, குடும்பத்தில் ஒருவராக வெளியே நிற்க வேண்டும். அது பலவீனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் மாமா உயிரோடு இருப்பார் என்று அம்மா நம்பினால், அந்த நம்பிக்கையோடு வாதாட இந்தப் படிப்பைப் பயன்படுத்தாதீர்கள். போர் முடிந்தபோது வட்டுவாகலில் பிள்ளையைக் கையால் பிடித்து இராணுவத்திடம் கையளித்தோம் என்று சொல்லும் தாய்மாருக்கு முன் எலும்பைப் பற்றிப் பேசுவதற்கு எல்லோருக்கும் உரிமை இல்லை. அவர்கள் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் நான் சொல்வது இது: அக்கா, உங்கள் பயம் நியாயம். பெண் பிள்ளை, பகல் முழுவதும் வெயிலில், பிறகு மேசையில் எலும்போடு, வீட்டுக்கு வந்தும் மனம் அங்கேயே நிற்கும். இந்த வேலை செய்பவர்களுக்கு நித்திரை குழம்பும் காலங்கள் உண்டு, எனக்கும் உண்டு. துடக்கு என்று நீங்கள் நினைத்தால், வீட்டுக்கு வந்து தலைமுழுகிவிட்டு உள்ளே வரட்டும், அதில் எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை; நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் பெயர் தெரியாமல் கிடந்த ஒருவரை எலும்பெலும்பாகச் சேர்த்து, கழுவி, ஒழுங்காக அடுக்கி, அவருடைய வீட்டாரிடம் கொடுக்கிற வேலை இது. அந்த எலும்பைத் தொட்டவரின் கையை அந்த வீட்டார் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் பற்றி: சட்ட வைத்திய நிபுணருக்கு மற்ற நிபுணர்களுக்குரிய அரச சம்பளம் உண்டு, தனியார் சிகிச்சை வருமானம்தான் குறைவு. தொல்லியலாளருக்கு விரிவுரையாளர் பதவியோ திணைக்களப் பதவியோ கிடைக்க வருடங்கள் ஆகலாம். மனிதாபிமான நிறுவனங்களில் இடங்கள் உண்டு, ஆனால் அவை ஒப்பந்த வேலைகள், நாடு நாடாகப் போகவும் வேண்டும்.

இந்த வருடத்துக்குச் சொல்வதென்றால், உயர்தரத்துக்குப் படிக்கும் நேரம் போக ஒரு மணித்தியாலம் ஒதுக்கி எலும்புகளின் படங்களை வரைந்து பழகுங்கள். படம் பிடிப்பதைவிட வரைவது நல்லது, கண் வேலை செய்யும். காட்டில் செத்துக் கிடக்கும் மாட்டு எலும்பைப் பார்த்தால் எது எது என்று பிரித்துப் பாருங்கள். ஆனால் மனித எலும்போ என்று ஒரு சிறு சந்தேகம் வந்தாலும் தொடக்கூடாது. இதை இந்தப் பதிலை வாசிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: காணி வெட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ எலும்பு, உடுப்பு, தகடு எதையாவது கண்டால் பெக்கோவை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வெட்டிய மண்ணை வேறு இடத்துக்கு ஏற்றிவிடாதீர்கள், அதற்குள்தான் பல்லும் விரல் எலும்பும் இருக்கும். எதையும் எடுத்துக் கழுவாதீர்கள். தொலைபேசியில் இருந்த நிலையிலேயே படமெடுத்து, கிராம சேவகரிடமும் பொலிஸிடமும் சொல்லி, நீதவானுக்கு அறிவிக்கப்பட்டதா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். மழை வரும்போல் இருந்தால் மேலே ஒரு தறப்பாளைப் போட்டு, சுற்றி வாய்க்கால் வெட்டாமல் விடுங்கள்.

பெறுபேறு வந்ததும் எனக்கு எழுதுங்கள், பிள்ளை. எந்தப் பீடம் கிடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, முதல் வருட விடுமுறையில் எந்த அகழ்வில், யாரிடம் மண் அரிக்கப் போகலாம் என்று சொல்கிறேன்.